கைத்தொலைபேசிப் பரிசுக்கு வந்தவர் கறித்தூள் வாங்கமாட்டார்

கேள்வி: சுன்னாகத்தில் வீட்டிலிருந்தே கறித்தூள், ஒடியல் மா, பனங்கட்டி விற்கிறேன். உள்ளூரிலும் கனடா, லண்டனிலும் ஆட்கள் வாங்குவார்கள் என்று முகநூலில் பக்கம் திறந்தேன். "பக்கத்தை விரும்புங்கள், பதிவைப் பகிருங்கள், மூன்று நண்பர்களை ரக் பண்ணுங்கள், ஒருவருக்குக் கைத்தொலைபேசி இலவசம்" என்று போட்டேன். 4,000 பேர் வந்தார்கள். பரிசு கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் அவர்களில் ஒருவர்கூட ஓடர் தரவில்லை. இணையத்தில் இலவசம் கொடுத்து ஆள் பிடிப்பது வீண்வேலையா?

பதில்:

வீண்வேலை இல்லை. எதை இலவசமாக வைத்தீர்கள் என்பதில்தான் பிழை. கைத்தொலைபேசி எல்லாருக்கும் தேவை. ஒடியல் மா சிலருக்குத்தான் தேவை. எல்லாருக்கும் தேவையானதைக் காட்டிக் கூப்பிட்டதால் எல்லாரும் வந்துவிட்டார்கள். அந்த 4,000 பேருக்குள் ஒடியல் மாவில் கூழ் காய்ச்சிக் குடிக்கிறவர் யார் என்று கண்டுபிடிக்க உங்களிடம் இப்போது ஒரு வழியும் இல்லை. இன்னொரு பாதிப்பும் இருக்கிறது. ஒரு பதிவை ஆட்கள் எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் முகநூல் அதை மேலும் பலருக்குக் காட்டும். பரிசுக்காக வந்தவர்கள் உங்கள் பனங்கட்டிப் படத்தைக் கவனிக்காமல் தள்ளிவிட்டுப் போவார்கள். அதனால் பனங்கட்டி தேடுகிற உண்மையான ஆளுக்கும் அந்தப் படம் போய்ச் சேராமல் போகும்.

போட்டியை நடத்திய முறையிலும் சிக்கல் இருக்கிறது. "பகிர்ந்தால்தான் போட்டியில் சேரலாம்", "நண்பர்களை ரக் பண்ணினால்தான் சேரலாம்" என்ற இரண்டையும் முகநூலின் பக்க விதிகள் தடுக்கின்றன. இப்படிக் கெஞ்சி விருப்பமும் பகிர்வும் வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. பதிவின் கீழே கருத்து எழுதச் சொல்லலாம், தனிச்செய்தி அனுப்பச் சொல்லலாம். அந்தளவே போதும்.

நல்லெண்ணெய் வாங்கப் போகிற ஆள் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மணந்து பார்ப்பார். செக்குக்காரர் அந்தத் துளிக்குக் காசு கேட்கமாட்டார். எண்ணெய் வாங்கும் எண்ணம் இல்லாதவர் அந்தத் துளியைக் கேட்டு வரவும் மாட்டார். நீங்கள் தேடவேண்டிய இலவசமும் இப்படிப்பட்டதுதான்: உங்கள் பொருளை வாங்கக்கூடியவருக்கு மட்டும் பெறுமதியாகவும், மற்றவருக்குக் கையில் கொடுத்தாலும் பயன்படாததாகவும் இருக்கவேண்டும். உங்கள் வியாபாரத்துக்கு அப்படி இரண்டு வகை பொருந்தும். ஒன்று கைத்தொலைபேசிக்குக் கோப்பாக அனுப்பும், சமையல் வழி சொல்லும் தாள், மற்றது தூள் மாதிரிப் பொட்டலம்.

தாளிலிருந்து தொடங்குங்கள். செலவு அநேகமாக இல்லை, கடல் கடந்து போவதற்கு முத்திரையும் வேண்டாம். ஆனால் "யாழ்ப்பாணச் சமையல் 50" என்று புத்தகம் போடாதீர்கள். அதை இறக்கி வைப்பார்கள், திறக்கமாட்டார்கள். ஒரே ஒரு தொல்லையைத் தீர்க்கும் ஒரு பக்கம் போதும், அந்தத் தொல்லை உங்கள் பொருளோடு ஒட்டியதாக இருக்கவேண்டும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒடியல் மா வாங்கப் பயம், காரணம் கூழ் கசந்துபோகும். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு வடிக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. கொதிக்கிற பானையில் மாவைக் கரைக்காமல் அப்படியே கொட்டினால் கட்டி பிடிக்கும் என்பதும் தெரியாது. ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்தது, புழுக்கொடியல் என்பது அவித்துக் காயவைத்தது என்ற வேறுபாட்டில்கூடக் கனபேருக்குக் குழப்பம். "ஒடியல் கூழ் கசக்காமல் காய்ச்ச" என்று தலைப்பிட்டு இந்த விபரங்களை ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். அதைக் கேட்டு வருகிறவர் கூழ் காய்ச்ச நினைக்கிறவர். கூழ் காய்ச்ச அவருக்கு ஒடியல் மா வேண்டும்.

எழுதும்போது "ஒரு சிறங்கை", "கொஞ்சம்" என்று எழுதவேண்டாம். உங்கள் வீட்டில் ஒருமுறை காய்ச்சும்போது ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, கிராமிலும் மில்லிலீற்றரிலும் குறியுங்கள். இன்ன அளவு எத்தனை பேருக்குக் காணும் என்பதையும் போடுங்கள். பலாக்கொட்டையும் மரவள்ளியும் ரொறன்ரோவில் உறைய வைத்த பொதிகளிலும் கிடைக்கும். உறைந்ததைப் போடுவதானால் எந்தக் கட்டத்தில் போடவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், எழுதியவர் தன் நிலைமையை நினைத்துத்தான் எழுதியிருக்கிறார் என்று வாசிப்பவருக்கு விளங்கும். "மாவை நம்மிடம் வாங்குங்கள்" என்ற வரி அடியில் ஒருதரம் வந்தால் போதும். இடையிடையே விலைப்பட்டியலைச் செருகினால் அது விளம்பரத் துண்டாகிவிடும், ஒருவரும் மற்றவருக்கு அனுப்பமாட்டார்கள்.

தாளைச் செய்யும்போது நம்மூரில் அடிக்கடி நடக்கும் ஒரு பிழை உண்டு. அச்சகங்களில் பழகிய பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து கோப்பாக்கிவிடுகிறார்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோப்புக்குள் "ஒடியல்" என்று தேடினால் அகப்படாது, ஒரு வரியைப் படியெடுத்து அம்மாவுக்கு அனுப்பினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகப் போகும். யூனிகோட் எழுத்துருவில் மட்டும் செய்யுங்கள். கன்வாவில் தமிழ் யூனிகோட் எழுத்துருக்கள் இருக்கின்றன. ஏ4 தாள் அளவும் கைத்தொலைபேசியில் சரிவராது, ஒவ்வொரு வரியையும் விரல்களால் பெருப்பித்து வாசிக்கவேண்டிவரும். 1080க்கு 1920 என்ற நிமிர்ந்த அளவில் செய்து பி.டி.எப் ஆக எடுங்கள். கோப்பு 2 மெகாபைற்றுக்குள் நிற்கட்டும். கோப்பின் பெயர் "ஆவணம் 1" என்று இருக்கக்கூடாது, "ஒடியல் கூழ் செய்முறை" என்றே இருக்கவேண்டும். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார். கடைப் பெயரும் நாட்டுக் குறியீட்டோடு வட்ஸ்அப் இலக்கமும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிற்கவேண்டும். இந்தத் தாள் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு குடும்பத்தின் வைபர் குழுவுக்குள் போய்ச் சுற்றும்போது நீங்கள் கூட இருந்து விளக்கப்போவதில்லை.

இனி மாதிரிப் பொட்டலம். இதில் காசு போகும், ஆகையால் கணக்குப் பார்த்த பிறகே இறங்குங்கள். 500 கிராம் இறைச்சிக்கு 2 மேசைக்கரண்டி தூள் போடுகிறீர்கள் என்றால், ஒரு கரண்டி ஏறக்குறைய 7 கிராம், 30 கிராமில் இரண்டு கறி வைக்கலாம். இரண்டு கறி முக்கியம். முதல் கறியில் உறைப்பைக் கூட்டிக் குறைத்துப் பிழைவிடுவார்கள், இரண்டாவதில்தான் உங்கள் தூளின் சரியான சுவை தெரியும். 10 கிராம் கொடுத்தால் பிழையான கறியோடு முடிந்துவிடும். 100 கிராம் கொடுத்தால் ஒரு மாதத்துக்கு அவருக்குத் தூள் வாங்கும் தேவையே இராது.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 30 கிராம் தூள் 60 ரூபா, பை 20 ரூபா, தாளும் உறையும் 30 ரூபா, தபால் 190 ரூபா என்று வையுங்கள். ஒரு பொட்டலம் 300 ரூபா, 100 பொட்டலம் 30,000 ரூபா. 12 பேர் பிறகு வாங்கினால் ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 2,500 ரூபா செலவு. ஒரு ஓடரில் உங்கள் இலாபம் 700 ரூபா என்றால் அவர் நாலாவது முறை வாங்கும்போதுதான் நீங்கள் நட்டத்திலிருந்து வெளியே வருகிறீர்கள். இப்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்: தூள் இலவசம், தபால் செலவு அவருடையது. 100 பேர் 45 பேராகக் குறைகிறார்கள் என்று வையுங்கள். உங்கள் செலவு ஆளுக்கு 110 ரூபா, மொத்தம் 4,950 ரூபா. அந்த 45 பேரில் 9 பேர் வாங்கினால் ஒரு வாடிக்கையாளருக்கு 550 ரூபா, முதல் ஓடரிலேயே காசு திரும்பிவிடும். தபால் செலவைக் கொடுக்கக்கூட மனம் வராதவர் தூளையும் வாங்கமாட்டார். இங்கே உள்ள தொகைகளை எடுத்துவிட்டு உங்கள் உண்மையான செலவைப் போட்டு, கொப்பியில் ஒருதரம் செய்து பாருங்கள். இது திரும்பத் திரும்ப வாங்கும் சாமானுக்குத்தான் சரிவரும். பனையோலைப் பெட்டி போல ஒருமுறை வாங்கினால் வருடக்கணக்கில் கிடக்கும் பொருளுக்கு மாதிரி கொடுப்பது நட்டம்.

மாதிரிக்குப் போகும் தூள் புதிதாக வறுத்து இடித்ததாக இருக்கவேண்டும். விற்காமல் கிடந்த பழைய தூளை "இலவசம்தானே" என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஒன்றும் அனுப்பாமல் விடலாம். மணம் போன தூளை ஒருமுறை கறியில் போட்டவர் உங்கள் பெயரை அந்த மணமில்லாத கறியோடுதான் நினைவில் வைத்திருப்பார். வறுத்த திகதியையும், எத்தனை கரண்டி போடவேண்டும் என்பதையும், உறைப்புக் குறைவாக வேண்டுமானால் எவ்வளவு என்பதையும் பையில் ஒட்டுங்கள். காற்றை அமர்த்தி வெளியேற்றி, வாயைச் சூட்டால் ஒட்டி, இன்னொரு பைக்குள் போட்ட பிறகே கடிதஉறையில் வையுங்கள். அழுத்திப் பூட்டும் பை மட்டும் என்றால் தபால் மூட்டைக்குள் நசிந்து திறந்துவிடும், பக்கத்துக் கடிதங்களும் மஞ்சளாகும்.

வெளிநாட்டுக்கு மாதிரியைத் தனியாக அனுப்பவேண்டாம், தபால் செலவே தின்றுவிடும். ஒடியல் மாவுக்கு ஓடர் தந்தவரின் பொதிக்குள் 30 கிராம் கறித்தூளை வையுங்கள். சுங்கப் படிவத்தில் அதையும் உண்மையான பெறுமதியோடு எழுதவேண்டும். இலவசம் என்பதால் பெறுமதி பூச்சியம் ஆகிவிடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் தனியார் பொதிகளில் பாலுணவுக்குத் தடை இருக்கிறது. தயிரில் ஊறிய மோர்மிளகாயை அன்பளிப்பாகக்கூட உள்ளே போடாதீர்கள். ஒரு பொட்டலத்துக்காக முழுப்பொதியும் மறிபடும்.

இலவசத்தைக் கேட்டு வருகிறவரை எங்கே வாங்கி வைப்பது என்பதில்தான் கனபேர் கோட்டை விடுகிறார்கள். கோப்பை முகநூலில் நேரே போட்டால் ஆட்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யார் எடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் முதலில் உங்களுக்கு ஒரு சொல் எழுதவேண்டும். "கூழ் என்று வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், தாள் வரும்" என்று போடுங்கள். வட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உங்கள் இலக்கத்துக்கான குறுகிய இணைப்பை எடுக்கலாம், அந்தச் சொல்லை முன்கூட்டியே நிரப்பியும் வைக்கலாம், வந்தவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் போதும். இணைப்பைக் கையால் எழுதுகிறவர்கள் இலக்கத்தின் முதல் 0ஐ எடுத்துவிட்டு 94 போட மறந்துவிடுகிறார்கள். அப்படி மறந்தால் இணைப்பு வேலை செய்யாது. இன்னொரு உபாயம்: முகநூலில் "கூழ்" என்றும், ரிக்ரொக்கில் "ஒடியல்" என்றும், யூரியூப்பில் "பனை" என்றும் வேறு வேறு சொல் கொடுங்கள். எங்கிருந்து ஆள் வருகிறது என்று ஒரு சதமும் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பதில் அனுப்ப "விரைவுப் பதில்" வசதியில் இரண்டு வரியைச் சேமித்து வைத்து, கோப்பையும் சேர்த்து அனுப்பினால், நாளுக்கு 60 பேர் கேட்டாலும் சமாளிக்கலாம். அந்த இரண்டு வரியில் ஒன்று கட்டாயம்: "எங்கள் இலக்கத்தைச் சேமித்து வையுங்கள், அடுத்த செய்முறையும் அனுப்புவோம்." காரணம், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். "200 பேருக்கு அனுப்பினேன், 15 பேர்தான் பார்த்தார்கள்" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். அதற்கு மாற்று என்று நினைத்து எல்லாரையும் ஒரு குழுவுக்குள் இழுத்துப் போடவே வேண்டாம். குழுவில் ஒவ்வொருவருடைய இலக்கமும் மற்ற எல்லாருக்கும் தெரியும். உங்களிடம் வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகமாக இருப்பார்கள். அவர்களுடைய இலக்கம் முன்பின் தெரியாத ஆட்களின் கையில் போவதற்கு நீங்கள் காரணமாகக்கூடாது.

பெயர், ஊர் அல்லது நாடு, வீட்டில் அடிக்கடி வைப்பது மீனா இறைச்சியா மரக்கறியா, இவ்வளவும் கேட்டால் போதும். அடையாள அட்டை இலக்கமும் பிறந்த திகதியும் உங்களுக்கு எதற்கு? இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கனடாவில் 2014 யூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, வியாபாரச் செய்தி அனுப்ப முதலே சம்மதம் வேண்டும், அனுப்புகிறவர் யார் என்று தெரியவேண்டும், வேண்டாம் என்றால் விலகும் வழி செய்தியிலேயே இருக்கவேண்டும், விலகச் சொன்னவரை 10 வேலைநாளுக்குள் எடுத்துவிடவேண்டும். சும்மா விசாரித்தவருக்கு 6 மாதம்வரையும், வாங்கியவருக்கு 2 வருடம்வரையும் மறைமுகச் சம்மதமாகக் கொள்ளலாம் என்று அது சொல்கிறது. "மாதம் இரண்டு செய்முறையும் புதுச்சாமான் விபரமும் அனுப்பட்டுமா? ஆம் அல்லது வேண்டாம் என்று எழுதுங்கள்" என்று முதல் நாளே கேட்டு, அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

தாள் போன பிறகு என்ன செய்வது? அன்றே விலைப்பட்டியல் அனுப்பினால் ஆள் ஒதுங்கிவிடுவார். இரண்டாம் மூன்றாம் நாளில் "காய்ச்சிப் பார்த்தீர்களா, கசப்புப் போனதா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் எழுதுகிறவர்தான் உங்கள் வாடிக்கையாளராகக்கூடியவர், வட்ஸ்அப் பிசினஸில் அவருக்கு ஒரு நிற அடையாளம் இடுங்கள். ஐந்தாம் நாள் அளவில் இன்னொரு சிறு உதவி, மாவை எப்படி வண்டு பிடிக்காமல் வைப்பது என்பது போல. ஒன்பதாம் பத்தாம் நாளில் சிறிய ஓடர் ஒன்றைச் சொல்லுங்கள்: இன்னது இவ்வளவு விலை, இன்ன திகதி வரை. நேரத்தையும் கவனியுங்கள். நம்மூரில் காலை 8 மணிக்கு அனுப்புவது கோடையில் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு 10.30. சனிக்கிழமை இரவு 7.30க்கு அனுப்பினால் அங்கே காலை 10, லண்டனில் பிற்பகல் 3, பாரிசில் 4. மூன்று இடத்திலும் சமையலறையில் ஆள் நிற்கிற நாள்.

எப்படியும் குலுக்கல் நடத்தத்தான் வேண்டும் என்றால், பரிசு உங்கள் சாமானாகவே இருக்கட்டும்: ஒரு வருடத்துக்கான தூள், மாதம் 500 கிராம் வீதம். கைத்தொலைபேசியைவிட உங்களுக்குச் செலவு குறைவு, தூள் போட்டுச் சமைக்காதவர் வரவும் மாட்டார். வெல்லாதவர்களுக்கும் கூழ்த்தாளை அனுப்புங்கள், வெறுங்கையோடு ஒருவரும் போகவேண்டாம். காசு வாங்கிக்கொண்டு குலுக்காதீர்கள், அது லொத்தர் ஆகிவிடும், அதற்குத் தனிச்சட்டம் உண்டு. கனடாவிலிருந்தும் சேரலாம் என்று அறிவித்தால், வென்றவர் ஒரு சிறு கணக்குக் கேள்விக்குச் சரியான விடை சொன்ன பிறகே பரிசு கொடுப்பது அங்குள்ள வழக்கம். வெறும் அதிர்ஷ்டத்தால் பரிசு கொடுப்பதை அந்நாட்டுக் குற்றவியல் சட்டம் கட்டுப்படுத்துவதால் அப்படிச் செய்கிறார்கள். முடிவு திகதி, எந்த நாட்டவர் சேரலாம், தபால் செலவு யாருடையது, இது முகநூலின் போட்டி இல்லை என்பன பதிவிலேயே இருக்கவேண்டும். மோசடிக்காரர்கள் உங்கள் படத்தையும் பெயரையும் வைத்து இன்னொரு பக்கம் திறந்து, கருத்து எழுதியவர்களுக்கு "நீங்கள் வென்றுவிட்டீர்கள், வங்கி அட்டை இலக்கம் தாருங்கள்" என்று எழுதுவார்கள். "நாங்கள் அட்டை இலக்கமோ குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணோ ஒருபோதும் கேட்கமாட்டோம்" என்பதை முதல் வரியிலேயே போடுங்கள். பின்னால் போட்டால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

தூள் விற்காதவர்களுக்கும் இதே அளவுகோல்தான். ரியூசன் ஆசிரியர் என்றால் ஒரு அலகின் பிழைவிடும் 10 கேள்விகளும் படிப்படியான விடைகளும். முழுப் பாடக்குறிப்பையும் கொடுத்தால் வகுப்புக்கு ஆள் வராது. கலியாண மண்டப அலங்காரம் செய்பவர் என்றால் பொன்னுருக்கு முதல் நாலாம் சடங்கு வரை தேவையான சாமான் பட்டியல். தையல்காரர் என்றால், வெளிநாட்டிலிருந்து சட்டைக்கு அளவு அனுப்புகிறவருக்கு எந்த இடத்தில் நாடா பிடிக்கவேண்டும் என்ற படம். அது ஆளையும் கொண்டுவரும், அளவுப் பிழையால் திரும்பி வரும் சட்டையையும் குறைக்கும்.

கொப்பியில் ஐந்து நிரல் கீறுங்கள்: கேட்டவர், பதில் எழுதியவர், முதல்முறை வாங்கியவர், இரண்டாம்முறை வாங்கியவர், எந்தச் சொல்லால் வந்தவர். முதல் 30 பேர் வரும்வரை விளம்பரத்துக்குக் காசு கட்டவேண்டாம். 30 பேர் தாளைக் கேட்டு, ஒருவர்கூட மறுபதில் எழுதவில்லை என்றால் தாளில்தான் பிழை; தலைப்பை மாற்றுங்கள். பதில் எழுதுகிறார்கள், வாங்குகிறார்கள் இல்லை என்றால் விலையையோ தபால் செலவையோ பாருங்கள். வாங்கினவர் இரண்டாம்முறை வரவில்லை என்றால் சாமானைப் பாருங்கள். முதல்முறை வாங்குகிற ஆட்கள் சீராக வரத்தொடங்கிய பிறகு கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், லண்டனில் ஹரோ என்று தமிழர் நெருங்கி வாழும் இடங்களை மட்டும் தெரிந்து, வட்ஸ்அப்புக்கு நேரே கொண்டுவரும் விளம்பரத்தைச் சிறு தொகையில் ஓடவிடலாம்.

அடுத்த தாளுக்கு நாள் குறித்துத் தொடங்குங்கள். ஆடிப்பிறப்பு யூலை நடுப்பகுதியில் வரும். அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்த்துக் காய்ச்சும் ஆடிக்கூழுக்கு வெளிநாட்டில் பனங்கட்டி தேடி அலைவார்கள். யூலை முதல் கிழமையில் தாளைப் போட்டால் உள்ளூர் ஆட்களுக்கு மட்டும் பனங்கட்டி போய்ச் சேரும், கனடாவுக்கான பொதி நடுவழியில் நிற்கும். வெளிநாட்டாருக்குத் தாள் மே கடைசியில் போகவேண்டும், ஓடர் முடிவு யூன் 10. உள்ளூருக்குத் தாள் யூன் கடைசியில் போனால் போதும். மே முதல் கிழமையில் கூழைக் காய்ச்சி, அளவு நிறுத்து, படம் எடுத்து வைத்துவிடுங்கள்.